கம்பெனிக்கு அர்த்தம் சொன்னவர்

அவருடைய சப்பாத்தி என் வயிற்றில் இருக்க, நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை விட்டு நெடுஞ்சாலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சோப்பு டப்பா, முழங்காலுக்குக் கீழே சுற்றிக் கட்டிக்கொள்ளும் சாக்குத் துணி. சூடு படாமலிருக்க நான் வேலை செய்த ஆலையில் கொடுத்தது அது. திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "கம்பெனியா, கம்பெனியா" என்று கேட்டார். பையும் கையுமாக நிற்கிறவன் வேலை தேடி வந்தவன் என்று நினைத்திருப்பார். அந்தப் பக்கத்தில் கம்பெனி என்பது ஓர் ஊரின் பெயர் மாதிரி. ரயிலை விட்டு இறங்கி கம்பெனி என்றால் சிப்காட்டுக்குள் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். நான் இல்லை என்று கையசைத்துவிட்டு நடந்தேன்.

அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் சொன்ன மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயரை எழுத மாட்டேன். அச்சில் தன் பெயரைப் பார்த்தால் அவர் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை நான் தருவதாக இல்லை.

கட்டடத்துக்குப் போடும் கம்பி உருட்டுகிற ஆலை அது. அவர் அங்கே ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. நாங்கள் ஹெச்.ஆர். என்போம். ஒல்லி. வெளிர் நிறச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். அந்த ஆலையில் இரும்புத் தூள் படாத பொருள் கிடையாது. டீயின் மேல்கூட ஓர் ஏடு மாதிரி மிதக்கும். அவர் மேல் மட்டும் அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாராவது ஏதாவது கேட்கப் போனால் முதலில் முழுதாகக் கேட்டுக்கொள்வார். இடையில் பேச மாட்டார். பிறகு நாம் கேட்ட பொருளைத் தராமல், நாம் கேட்கப் பயன்படுத்திய சொல் எங்கே பிறந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார். சொல்லி முடிக்கும்போது நமக்கு என்ன வேண்டும் என்பது நமக்கே மறந்திருக்கும். இதுதான் அவர் தொழில் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம் ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் லீவு கேட்டுப் போனார். லீவுக்கு இன்னொரு பெயரான ஹாலிடே என்பது முதலில் சாமிக்கான நாள், புனிதமான நாள், அதை வெள்ளைக்காரன் ஊர் சுற்றும் நாளாகக் கெடுத்துவிட்டான் என்று அவருக்கு விளக்கப்பட்டது. "நீயும் சாமி கும்பிடவா போற? கூழ் குடிச்சிட்டு குப்புற படுக்கத்தான் போற" என்று முடித்தாராம். ஆள் திரும்பி வந்து எங்களிடம் சொல்லும்போது கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு செங்கல் சூளை, போர்வெல் லாரி, பரோட்டாக் கடை, மாம்பழ குடோன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டும் முன்பு நானே கிளம்பிவிடுவேன். அப்படி வந்து சேர்ந்த இடம் அந்த ஆலை.

முதல் நாள், புதிதாக வந்த ஒப்பந்த ஆட்களை எல்லாம் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். அவர் வந்து நின்றார். கம்பெனி என்றால் என்ன என்று கேட்டார். வேலை செய்கிற இடம் என்றான் ஒருவன். மெஷின் இருக்கிற இடம் என்றான் இன்னொருவன். முதலாளி என்றார் ஒரு பெரியவர். ஹெச்.ஆர். மூன்று பதிலுக்கும் தலையாட்டிவிட்டுச் சொன்னார். ரோமாபுரியில் பேசிய பழைய பாஷையில் அந்தச் சொல்லுக்கு இரண்டு துண்டு. ஒன்றுக்குக் கூட என்று அர்த்தம். இன்னொன்றுக்கு ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவன். நெடுந்தூரம் நடக்கிற சிப்பாய்கள் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள், அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு வியாபாரிகள் ஒரே கப்பலில் ஏறி ஒரே மூட்டையிலிருந்து தின்றுகொண்டு வந்தார்கள், அவர்களுக்கும் அதே பெயர். அவர்கள் நம் கரையில் இறங்கியபோது நம் ஆட்கள் கும்பினி என்றார்கள். கும்பினிக்காரன் நாட்டையே தின்றான். பெயர் மட்டும் மாறவில்லை.

நன்றாகச் சொன்னார். ரொட்டியைப் பிய்ப்பது போலக் கையால் காட்டினார். எங்கள் வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுப்பது போலவும் காட்டினார். "இன்னிலேருந்து நீங்களும் கம்பெனி" என்றார்.

சொல்லுக்கும் பிறந்த ஊர் உண்டு, அதுவும் பிழைப்புக்காக ஊர் ஊராக அலையும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்று அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மதியம் மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு கேண்டீனுக்குப் போனோம். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். "கான்ட்ராக்ட்டா? பின்னால போ. இது கம்பெனி ஆளுங்களுக்கு." பின்னால் என்றால் சைக்கிள் ஸ்டாண்டு. மேலே தகரம். பக்கத்தில், உருளைகளில் நசுங்கும் இரும்பிலிருந்து உரியும் கருப்புச் செதிலைக் கொட்டுகிற பள்ளம். காற்று திரும்பினால் சோற்றில் விழும். கடித்தால் பல் கூசும். நீலச் சட்டைக்காரர்கள் கம்பெனி ஆட்கள். அவர்களுக்கு மின்விசிறியும் மேசையும். எங்களுக்குச் சாம்பல் சட்டை. வேலையில் வித்தியாசம் கிடையாது. ஒரே உருளையின் முன் அவர்களும் நாங்களும் மாறி மாறி நின்றோம்.

அதன் பிறகு அந்தச் சொல்லை நான் கவனிக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் ஒருவன் இன்னொருவனிடம் கொஞ்ச நேரம் கம்பெனி குடு என்பான். தனியாகக் குடிக்கப் பயம். உதிரிபாகக் கடையில் கம்பெனி அயிட்டம் வேண்டுமா, லோக்கல் போதுமா என்று கேட்பார்கள். அங்கே அதற்கு அசல் என்று அர்த்தம். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளை கம்பெனிக்குப் போகிறாரா என்று கேட்பார்கள். வயலுக்குப் போகவில்லை, கடலுக்குப் போகவில்லை என்று தெரிந்துகொண்டால் போதும். யாரும் அந்தச் சொல்லில் ரொட்டியைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் சொன்னது கதையாக இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் பஜாரில் ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற பெண். பார்த்துவிட்டு, ஆமாண்ணா, அப்படித்தான் போட்டிருக்கு என்றாள். பொய்யாக இருந்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன். ஆலையில் பொய் சொல்கிறவர்கள் நிறைய. அவர் உண்மையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதை அழகாகச் சொல்லிவிட்டு, எங்களைச் செதில் பள்ளத்துக்கு அனுப்பினார்.

அவர் யாருடனும் சாப்பிட மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மதியம் அவர் அறையின் கண்ணாடிக் கதவுக்குத் திரை இழுக்கப்படும். கேண்டீனில் அதிகாரிகளுக்குத் தனி மேசை இருந்தும் அங்கே உட்கார மாட்டார். அவர் வாய் அசைந்து மெல்வதை யாருமே பார்த்ததில்லை. திருப்பாச்சூர்ப் பக்கம் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம், தமிழ் மீடியத்தில் படித்தவர், முதல் வேலைக்குப் போன இடத்தில் அவருடைய இங்கிலீஷைக் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். அன்றிலிருந்துதான் டிக்‌ஷனரி. கேண்டீன் மாஸ்டர் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அது எத்திராஜ் அண்ணன் விழுகிற வரைக்கும் இருந்தது.

எத்திராஜ் அண்ணன் பழவேற்காட்டுக்காரர். ஏரியில் வலை போடுகிற குடும்பம். முகத்துவாரம் மண் மேவி மீன் வருவது குறைந்ததும் இங்கே வந்தார். உலையிலிருந்து வருகிற சிவந்த கம்பியின் முனையை இடுக்கியால் பிடித்து, அடுத்த உருளையின் வாயில் கொடுக்கிற வேலை அவருக்கு. எனக்கும் அதே வேலை, உருளைக்கு அந்தப் பக்கம். அவர் கொடுப்பது என்னிடம் வரும், நான் பிடித்துத் திருப்பிக் கொடுப்பேன். முதல் வாரம் நான் பயந்தபோது, தலையைப் பார்க்காதே, அது வரும் வழியைப் பார் என்றார். "இறால் மாதிரி பின்னால பூடும்னு நெனைக்காத. பாம்பு மாதிரி மேல ஏறும்."

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உருளை ஓடும்போது இடுக்கியைத் தரையில் வைக்கக் கூடாது. மாற்று ஆள் வந்து பக்கத்தில் நின்று, நம் கையோடு கை வைத்துப் பிடித்த பிறகுதான் நாம் விட வேண்டும். தரையில் வைத்தால் அன்றைக்கு யாராவது விழுவார்கள் என்று ஒரு பயம். பயத்தை விடுங்கள், பிடிக்க ஆளில்லாமல் ஒரு கம்பி வந்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆள் மாற்றாமல் யாரும் நகர்வதில்லை. மூத்திரம் முட்டினாலும் நிற்பார்கள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை.

அந்த வெப்பத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறியாக வேண்டும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி நீலச் சட்டை. அவர்கள் தின்றுவிட்டு வரும் வரை நாங்கள் மாற்று இல்லாமல் நிற்போம். எத்திராஜ் அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார். நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் வியர்த்து, கண் இருட்டும். சிவந்த கம்பியின் முன்னால் கண் இருட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் போனார்.

"மாத்தர போட்டுகினு வர்றேன் சார். பன்னெண்டுக்குத் துன்னலன்னா கண்ணக் கட்டுது. மொத பந்தில ஒரு ஓரமா நின்னுகினு நாலு வாய் போட்டுகினு வந்துட்றேன்."

அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கம்பெனிக்கு அர்த்தம் சொன்னார். ரோமாபுரி, சிப்பாய், கப்பல், எல்லாவற்றையும், அதே கையசைவுகளோடு. ஒரே ரொட்டி என்றால் ஒருத்தன் தின்னும்போது இன்னொருத்தன் காவல் நிற்க வேண்டும், அதுதான் கூட்டம் என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். எத்திராஜ் அண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து என்னைக் கேட்டார்.

"இன்னாடா சொன்னாரு? உண்டா, இல்லியா?"

"இல்லியாம்ணா."

"அத்தச் சொல்லவா இம்மா நேரம்."

அதற்குப் பிறகு அவர் ஒரு பன்னை காகிதத்தில் சுற்றி, கருவிப்பெட்டி மேல் வைத்துக்கொண்டார். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு கடி. ஒரு நாள் ஹெச்.ஆர். அந்தப் பக்கம் வந்தார். உருளை ஓடும் இடத்தில் தின்பண்டம் கூடாது என்பது விதி. பன்னை இரண்டு விரலால் தூக்கி, எண்ணெய்த் துணி போடுகிற டிரம்மில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு போனார். எத்திராஜ் அண்ணன் அடுத்த கம்பிக்குத் திரும்பினார். அவர் கையில் இடுக்கி இருந்தது.

ஆலை தொடங்கிய நாளைக் கொண்டாடினார்கள். கேண்டீனில் தோரணம், கேக், நீலச் சட்டைக்காரர்களுக்குப் பிரியாணி. சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். உருளையை நிறுத்தவில்லை; உலை சூடாக இருக்கும்போது நிறுத்தினால் நஷ்டம். மாற்று ஆட்கள் எல்லாம் கேண்டீனில். வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. யாரும் வரவில்லை. ஹெச்.ஆர். பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலே கேட்காது. என்ன பேசினார் என்று பிறகு நீலச் சட்டைக்காரர் ஒருவர் சொன்னார். ரோமாபுரிதான். ரொட்டிதான். அவருடைய வார்த்தையில் சொன்னால்: "முடிச்சுடுவாரு முடிச்சுடுவாருன்னு பாத்தோம்ப்பா. பெரியவங்க உக்காந்துகினு கீறாங்க, நடுவுல எப்பிடி எந்திரிக்கிறது."

உருளைகளுக்கு இந்தப் பக்கமிருந்து எத்திராஜ் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் தண்ணீர் ஊற்றினது போல வியர்வை. அது வெப்பத்தில் வருகிற வியர்வை இல்லை. வெப்பத்தில் முகம் சிவக்கும், அவருக்கு வெளுத்திருந்தது. ஒரு கம்பியைச் சரியாகக் கொடுத்தார். அடுத்ததையும் கொடுத்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். கீழே உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. இடுக்கியை யாரிடம் கொடுப்பது என்று தேடியது போல இருந்தது அந்தப் பார்வை. மூன்றாவது கம்பி வந்தபோது இடுக்கியோடு முன்னால் சாய்ந்தார். கம்பி முனை பிடிபடாமல் மேலே எழும்பி, வளைந்து, அவர் தொடை மேல் படுத்தது.

உருளையை நிறுத்தி ஓடிப் போனோம். வாடையை எழுத வேண்டாம். இடுக்கி அவர் கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன்.

ஆலையில் ஆம்புலன்ஸ் இருந்தது. அது கம்பெனி ஆட்களுக்கு. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்கள், அவர் எடுக்கவில்லை. கடைசியில் கம்பி ஏற்ற வந்த ஒரு மினி லாரியில், தார்ப்பாய் மேல் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். முதலில் பொன்னேரி, பிறகு சென்னை. உயிர் தங்கியது. கால் மடங்காது என்றார்கள்.

மறுநாள் அவர் மனைவி கேட்டுக்கு வந்தார். பழவேற்காட்டிலிருந்து மீன் எடுத்துவந்து பொன்னேரியில் விற்கிறவர். நான் துணைக்கு நின்றேன். நிழலில் உட்கார ஓர் இடம் காட்டவில்லை. ஹெச்.ஆர். கேட்டுக்கு உள்பக்கம் நின்றபடி பேசினார். எத்திராஜ் இந்தக் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டருடைய ஆள், நீங்கள் அங்கே பேச வேண்டும் என்றார். பொறுக்க முடியாமல் நான் சொன்னேன்.

"அந்த ரொட்டி கதைய ஒரு தபா சொல்லுங்க சார். அக்கா இன்னும் கேட்டதில்ல."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அந்த அம்மாவைப் பார்த்துத் திரும்பி, மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தார். கிண்டலுக்கு இல்லை, ஆறுதலாகத்தான். கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள் அம்மா, அந்த எண்ணத்தில்தான் நாங்கள் எல்லோரையும் வைத்திருக்கிறோம் என்றார். கை பிய்த்தது. கொடுத்தது. நான் பல இடத்தில் பல விதமான ஆட்களிடம் அடியும் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கையைப் பார்த்தபோது வந்த அருவருப்பு வேறெங்கும் வந்ததில்லை.

அந்த அம்மா முடியும் வரை கேட்டார்.

"நீ சொல்றது இன்னான்னு எனக்கு வெளங்கல நைனா. எங்க ஊட்டுல அவுரு துன்னாரான்னு கேட்டுட்டுத்தான் மத்தவங்க கைய நனைப்போம். நேத்து அவுரு துன்னாரான்னு இங்க யாரு கேட்டீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆக்சிடென்ட்னா மேல வந்து விழறதுன்னு அர்த்தம்மா. யாரும் தள்றது இல்ல" என்றார். பிறகு செக்யூரிட்டியிடம் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

மீனவர் சங்கத்து ஆட்கள் அந்த அம்மாவுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். திருவள்ளூரில் வேலையில் அடிபட்டவர்களின் நஷ்டஈட்டை விசாரிக்கிற அலுவலகம் இருக்கிறது, கூப்பிட்டு விசாரிப்பார்கள், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்தச் செய்தி ஆலைக்கு வந்த பிறகுதான் எனக்கு ஹெச்.ஆர். அறையிலிருந்து அழைப்பு வந்தது. மதிய நேரம். கண்ணாடிக் கதவுக்குத் திரை இழுத்திருந்தது.

உள்ளே மேசை மேல் டிபன் டப்பா திறந்திருந்தது. சப்பாத்தி, உருளைக்கிழங்கு. "உக்காரு. சாப்ட்டியா?" என்றார். இல்லை என்றேன். டப்பா மூடியில் இரண்டு சப்பாத்தி வைத்து, கிழங்கு அள்ளிப் போட்டு என் பக்கம் தள்ளினார். தானும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரையும் போலத்தான் மென்றார்.

எத்திராஜ் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான், அதனால்தான் கம்பி பிடிபடாமல் போயிற்று என்று விசாரணையில் நான் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று நேராகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இடுக்கியைக் கீழே போட்டான் என்று வந்துவிட்டால் தவறு எத்திராஜ் அண்ணனுடையதாகிவிடும். கான்ட்ராக்டரும் தப்புவார், ஆலையும் தப்பும். எத்திராஜுக்கு ஒன்றும் கிடைக்காது. இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான் என்று தோன்றுகிறது.

"நாளைலேருந்து நீல சட்ட. கான்ட்ராக்ட் கெடையாது. உள்ள உக்காந்து சாப்டுவ. நெசமாவே கம்பெனி."

சப்பாத்தியைத் தொடாமல் எழுந்தேன் என்று எழுத ஆசைதான். காலையிலிருந்து நாஷ்டா கூட இல்லை. தின்றேன். நல்ல சப்பாத்தி. இரண்டையும் தின்று, கிழங்கை வழித்து, அறை மூலையில் இருந்த பேசினில் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன்.

"எத்திராஜ் அண்ணன் இடுக்கிய கீழ போடல சார். நாந்தான் வெரல பிரிச்சி எடுத்தேன்."

அவர் டப்பாவை அடுக்கி மூடினார். பொறுமையாகத்தான் மூடினார். மூடி முடித்துவிட்டு முதல் முறையாக எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்லாமல் பேசினார்.

"நீ நாளைக்கு எங்க இருப்பன்னு உனக்கே தெரியாது. அவங்க கூப்புட்றப்போ நீ எந்த ஊர்ல, எந்த சூளைல கெடப்பியோ. அலையறவன் சாட்சிய எவன் எழுதிப்பான்? உன்ன மாதிரி எத்தினி பேர பாத்துருக்கேன். கோவத்துல போவீங்க. போன எடத்துல மறந்துடுவீங்க."

அது உண்மை. அவர் எப்போதும் உண்மையைத்தான் சொல்வார். என் போன் நம்பரே வருஷத்துக்கு ஒன்று மாறும். எந்த ஊரிலும் என்னைத் தேடி வந்தவர் யாரும் கண்டுபிடித்ததில்லை. விசாரணைக்குக் கூப்பிடும் நாளில் நான் கிருஷ்ணா ஜில்லாவில் மிளகாய் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பேன் என்பதை அவர் கண்ணால் பார்ப்பது போலப் பார்த்துவிட்டார். சட்டையைக் கழற்றி அவர் மேசை மேல் வைத்தேன். பனியனோடு வெளியே வந்து, தங்கியிருந்த அறையில் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

கவரப்பேட்டை வரைக்கும் நடை. வழியில் ஆந்திரா பக்கம் போகிற லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர், ஏறிக்கோ நைனா, சூளூர்பேட்டையில் லோடு இறக்க ஆள் வேணும், கையில டப்பு தருவாங்க என்றார். வேறு நாளாக இருந்தால் ஏறியிருப்பேன். கால் ஏறத்தான் பார்த்தது. வேண்டாம் என்றதும் அவருக்கே ஆச்சரியம். கவரப்பேட்டையில் பக்கத்து ஆரணிக்குப் பேருந்து, ஆரணியிலிருந்து பெரியபாளையம், அங்கிருந்து திருவள்ளூர். ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இரவு பேருந்து நிலையத்தில் படுத்தேன்.

காலையில் விசாரித்துக்கொண்டு அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன். பூட்டியிருந்தது. எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் ஒரே ஆளாக டீயும் ஆற்றி, வடையும் எடுத்துப் போட்டு, காசும் வாங்கிக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். கழுவாத கிளாஸ்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பில் மூழ்கிக் கிடந்தன. வேலை இருக்கிறதா என்று கேட்டேன். என்னையும் பையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இருக்குது. ஆனா எனக்கு ஒரே பேஜாரா கீது. வர்றவன்லாம் நாலு நாள் நின்னுட்டு சொல்லாம கொள்ளாம பூட்றான். நீ எத்தினி நாள் இருப்ப?"

"எதிர்ல கூப்புட்ற வரைக்கும் இருப்பேன்ணா."

அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். "அங்க கூப்புட வருஷக்கணக்கா ஆவும்டா. கேசுக்கு வர்றவங்க பாதிப் பேரு இங்க டீ குடிச்சே கெழவனாயிட்டாங்க."

பரவாயில்லை என்றேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் வீசினார். பையைப் பால் கேன்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் கிளாஸைக் கழுவ ஆரம்பித்தேன்.